டீசல் கார் நட்டஈடு: டப்லெட்டில் விரலை வைக்க முன் இதை வாசியுங்கள்

லண்டனில் சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்து நிற்கும் பெற்றோருக்காகத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன். டீசல் கார் கம்பனிகள் புகைச் சோதனையில் ஏமாற்றினவென்று நட்டஈடு கேட்கும் வழக்குகளுக்கு ஆள் சேர்க்க, கையில் டப்லெட்டோடு ஒரு தம்பி வருவார். "அண்ணை, டீசல் காரோ வச்சிருக்கிறியள்? நம்பர் பிளேட்டை மட்டும் சொல்லுங்கோ. ரெண்டு நிமிசம்தான், காசு ஒண்டும் குடுக்கத் தேவையில்லை" என்பார். மரியாதையான பிள்ளை, எங்கள் தமிழிலேயே கதைக்கிறார், நம்பாமல் இருக்க முடியாது. 2022 ஒக்டோபரில் நானும் நம்பர் பிளேட்டைச் சொன்னேன். அந்த இரண்டு நிமிடத்தால் பதினாறு மாதம் அலைந்தேன்.

என்னுடைய கார் எந்தக் கம்பனியுடையது என்பதை இங்கே எழுதவில்லை. வொக்ஸ்வாகன் இல்லை என்பதை மட்டும் சொல்கிறேன். 2012இல் பதிவான கார், 2014இல் செகண்ட் ஹாண்டாக 8,400 பவுண்ஸுக்கு வாங்கினேன். அந்தக் காலத்தில் வீதி வரி கரியமில வாயுவின் அளவை வைத்துத்தான் கணக்கிடப்பட்டது. டீசலில் அது குறைவு, அதனால் வருடத்துக்கு 30 பவுண்ஸ்தான் வரி. அரசாங்கமே டீசல் நல்லது என்று விலையால் சொல்லிக்கொண்டிருந்தது. டீசல் புகையில் வரும் நச்சு வாயுவான நைதரசன் ஒட்சைட்டைப் பற்றி எனக்குக் கார் விற்றவரும் கதைக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

2015 செப்டெம்பர் 18ஆம் திகதி அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வொக்ஸ்வாகனுக்கு அனுப்பிய அறிவித்தலோடுதான் எல்லாம் வெளியில் வந்தது. அதற்கு முதல் வருடமே மேற்கு வேர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஒரு சின்னக் குழு, அரவிந்த் திருவேங்கடம் என்பவரும் அதில் ஒருவர், அளக்கும் கருவியைக் காரிலேயே பூட்டி வீதியில் ஓட்டிப் பார்த்திருந்தது. ஆய்வுகூடத்தில் சோதனை பாஸான வொக்ஸ்வாகன் ஜெட்டா கார் வீதியில் சட்ட அளவைவிட 15 முதல் 35 மடங்கு நைதரசன் ஒட்சைட்டை விட்டது. சோதனை நடக்கிறது என்பதைக் காரின் மென்பொருள் கண்டுபிடித்துவிடும்: சில்லு சுற்றுகிறது, ஸ்டியரிங் அசையவில்லை, வேகம் சோதனை அட்டவணைப்படியே ஏறி இறங்குகிறது. அந்த நேரத்தில் மட்டும் புகையைச் சுத்தமாக்கும், வீதிக்கு வந்ததும் விட்டுவிடும். உலகம் முழுவதும் ஒரு கோடியே 10 இலட்சம் கார்கள், பிரித்தானியாவில் மட்டும் 12 இலட்சம்.

ஸ்காபரோவில் இருக்கிற என் மச்சானிடம் ஒரு ஜெட்டா டீசல் இருந்தது. கனடாவில் 2016 டிசம்பரில் வந்த இணக்கத்தின்படி காரை அவர்களே திருப்பி எடுத்தார்கள், அதுவும் செய்தி வெடிக்க முன்பிருந்த மதிப்புக்கு. அதற்கு மேலே கையில் 5,100 முதல் 8,000 கனடிய டொலர் வரை. விருப்பமென்றால் காரை வைத்துக்கொண்டு திருத்தம் செய்து, நட்டஈட்டையும் வாங்கலாம். மச்சான் இரண்டையும் தாளில் எழுதிக் கணக்குப் பார்த்துவிட்டுக் காரைக் கொடுத்தார். பிரித்தானியாவில் அப்படி ஒரு தெரிவே தரப்படவில்லை. "மென்பொருளை மாற்றித் தருகிறோம்" என்பதோடு சரி. உரிமையாளர்கள் தாங்களே கூட்டு வழக்குப் போட்டு, 2020 ஏப்ரலில் லண்டன் உயர்நீதிமன்றம் அது ஏமாற்றும் கருவிதான் என்று தீர்ப்பளித்து, 2022 மே மாதத்தில் 193 மில்லியன் பவுண்ஸுக்கு வழக்கு முடிந்தது. கம்பனி பொறுப்பை ஏற்கவில்லை. காசு கிடைத்தது வழக்கில் பெயர் கொடுத்திருந்த சுமார் 91,000 பேருக்கு. 12 இலட்சத்தில் 91,000. இந்தக் கணக்குத்தான் எங்களைப் போன்றவர்களின் மனதில் அவசரத்தைக் கிளப்பியது. அந்த அவசரத்தை வைத்துப் பிழைக்கிறவர்களும் அதற்குப் பிறகுதான் வாசலுக்கு வந்தார்கள்.

அதற்கு முன் என் காருக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 2018இல் ஒரு கடிதம் வந்தது. புகையைக் குறைக்க இலவசமாக மென்பொருள் மாற்றித் தருகிறோம், கட்டாயமில்லை என்று. போனேன், ஒரு மணித்தியாலத்தில் முடிந்தது. மூன்று மாதம் கழித்து, ஜனவரியில் நோர்த் சேர்குலர் வீதியில் கார் திடீரென்று இழுவை விட்டது. பின்னால் லொறி, பின் சீட்டில் மகள். கராஜுக்குக் கொண்டுபோனால் ஈ.ஜி.ஆர் வால்வு கரி பிடித்து இறுகிவிட்டது என்றார்கள். 870 பவுண்ஸ். மென்பொருள் மாற்றியதால் வந்ததா என்று விற்பனை நிலையத்தில் கேட்டேன். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்று நின்றபடியே பதில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். என்னிடம் மாற்றியதற்கான ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை, கேட்டு வாங்கவில்லை.

பிறகுதான் அந்த வால்வு என்ன செய்கிறது என்று படித்தேன். எரிந்த புகையில் ஒரு பங்கைத் திரும்பவும் இயந்திரத்துக்குள் விட்டால் சூடு குறைந்து நைதரசன் ஒட்சைட்டு குறையும். ஆனால் கரி கூடும். கரி கூடினால் வால்வும் புகை வடிகட்டியும் அடைபடும். அதனால் பல கார்களில் குளிர் நேரங்களில் இந்த வேலையைக் குறைத்துவிடும்படி மென்பொருள் எழுதப்பட்டிருந்தது. 2022 யூலை 14இல் ஐரோப்பிய நீதிமன்றம் தந்த தீர்ப்பு ஒன்றைப் பாருங்கள்: வெளியில் 15 பாகை முதல் 33 பாகை வரை இருந்தால் மட்டும் முழுதாக வேலை செய்யும் மென்பொருள் சட்டவிரோதம். அந்த வழக்கில் அகப்பட்டது வொக்ஸ்வாகன் திருத்தமாகப் போட்டுக்கொடுத்த மென்பொருளே. லண்டனில் வருடத்தில் எத்தனை நாள் 15 பாகைக்கு மேலே இருக்கிறது?

அதற்காகத் திருத்தம் செய்யாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். என் மகள் இன்ஹேலர் பாவிக்கிறாள். சவுத் சேர்குலர் வீதியருகே வாழ்ந்து 2013இல் ஆஸ்துமாவால் இறந்த ஒன்பது வயதுச் சிறுமியின் மரணத்தில் காற்று மாசுக்கும் பங்குண்டு என்று 2020இல் மரண விசாரணை அதிகாரி பதிவு செய்தார். அதை வாசித்த பிறகு வால்வுக் காசைக் காட்டித் திருத்தத்தைத் தவிர்க்க எனக்கு மனம் வராது. ஆனால் போக முன் காரை வேறொரு கராஜில் பரிசோதித்து, எரிபொருள் எவ்வளவு குடிக்கிறது என்று குறித்து வையுங்கள். முடிந்ததும் என்ன செய்தார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். அந்த ஒரு தாள் இருந்திருந்தால் என் 870 பவுண்ஸுக்கு நான் சண்டை பிடித்திருக்கலாம்.

சரி, தம்பியின் டப்லெட்டுக்கு வருகிறேன். திரையில் "தகுதி பார்க்க" என்று பெரிதாக ஒரு பட்டன். அதற்குக் கீழே எறும்பு எழுத்தில் பத்து வரி. பெயர், விலாசம், பிறந்த திகதி, அதன் பிறகு விரலால் கையெழுத்து. தகுதி பார்ப்பதற்கு எதற்குக் கையெழுத்து என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். மகள் வெளியில் வந்துவிட்டாள், மழையும் தூறியது, வைத்துவிட்டேன். மூன்று கிழமையில் நான் கேள்விப்பட்டேயிராத ஒரு சொலிசிற்றர் நிறுவனத்திடமிருந்து நன்றிக் கடிதம். என் சார்பில் வழக்குத் தொடர அனுமதி கொடுத்திருக்கிறேனாம், வென்றால் பாதிவரை அவர்களுக்காம். அடுத்த மாதம் இன்னொரு நிறுவனம், அதே கார், அதே வழக்கு. அனுமதிப் படிவத்தின் பிரதியை அனுப்பச் சொன்னேன். வந்ததைப் பார்த்து உடம்பெல்லாம் பதறியது. நான் ஒரு தடவை வைத்த விரல் கையெழுத்தை அப்படியே எடுத்து இரண்டாவது படிவத்திலும் ஒட்டியிருந்தார்கள். கோடு முறிந்த இடம்கூட ஒன்றுதான்.

2023 மே மாதத்தில் முதல் நிறுவனத்துக்குப் போன் செய்து எனக்கு வேண்டாம் என்றேன். 14 நாள் அவகாசம் எப்போதோ முடிந்துவிட்டது என்றார்கள். யூனில் 1,140 பவுண்ஸுக்கு பில் வந்தது, இதுவரை செய்த வேலைக்கு. மனைவி இரண்டு இரவு சரியாக நித்திரை கொள்ளவில்லை. கட்டித் தொலைப்போம் என்றுதான் இருவரும் நினைத்தோம். வேலையில் கூட இருக்கும் ஒரு அக்கா தடுத்தார். அவர் சொல்லித்தான் இது தெரியும்: கடைக்கோ அலுவலகத்துக்கோ நாங்கள் போகாமல் வெளியில் வைத்துச் செய்த ஒப்பந்தமென்றால், 14 நாளுக்குள் ரத்துச் செய்யும் உரிமை இருக்கிறது என்பதை அவர்கள் எங்களுக்கு எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் அந்த அவகாசம் மேலும் 12 மாதம் வரை நீளும். 2013ஆம் ஆண்டின் நுகர்வோர் ஒப்பந்த விதிகளில் இருக்கிறது. எனக்கு அப்படி ஒரு தாளும் தரவில்லை, மின்னஞ்சலும் வரவில்லை. ஓகஸ்டில் அதையே எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். எட்டுக் கிழமை பொறுத்தேன், பதில் இல்லை. பிறகு சட்ட நிறுவனங்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மனிடம் முறைப்பாடு போட்டேன். 2024 பெப்ரவரியில் பில்லைக் கைவிடுகிறோம் என்று இரண்டு வரிக் கடிதம் வந்தது. மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. இரண்டாவது நிறுவனம் கையெழுத்தைப் பற்றி நான் கேட்டதோடு அடங்கிவிட்டது.

இதற்கு நடுவில்தான் காரை விற்ற கதை. அதில் இழந்தது திரும்பி வரவில்லை. 2023 யூலையில் ஹரோவில் எல்லோருக்கும் ஒரே பேச்சு, ஓகஸ்ட் 29இல் யூலெஸ் என்ற மாசுக் கட்டண வலயம் வெளி லண்டன் முழுவதற்கும் வருகிறது, யூரோ 6 புகைத் தரம் இல்லாத டீசலுக்கு ஓடுகிற ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்ஸ். அதை எதிர்த்து எங்கள் கவுன்சிலும் சேர்ந்து போட்ட வழக்கின் தீர்ப்பு அப்போது வரவில்லை. என் கார் அதற்கு முந்தைய தரமான யூரோ 5. கார் வாங்கும் இடம் ஒன்றுக்குப் போனேன். "ஸ்க்ராப் பண்ண அரசாங்கம் காசு தருகிறதாமே" என்று கேட்டேன். "அது அரச உதவியில் இருப்பவர்களுக்கு மட்டும். உங்களுக்கு இல்லை. அடுத்த மாதம் இதை யாரும் இரும்பு விலைக்கும் எடுக்க மாட்டார்கள்" என்றார் அங்கிருந்தவர். 650 பவுண்ஸுக்குக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் வந்தேன்.

பிள்ளைகளுக்கான சைல்ட் பெனிஃபிட் எடுக்கும் லண்டன் குடும்பங்களுக்கு யூலை 31இலிருந்து அந்த ஸ்க்ராப் திட்டம் திறக்கும் என்று அதற்கு முந்தைய மாதமே அறிவித்திருந்தார்கள். நாங்கள் எடுக்கிறோம். ஓகஸ்ட் 21இல் லண்டன்வாசிகள் எல்லோருக்கும் திறந்தது. காருக்கு 2,000 பவுண்ஸ். நான் மூன்று கிழமை பொறுத்திருந்தால் போதும். நாள் முழுக்கப் பழைய டீசல் வாங்குகிறவருக்கு அது தெரியாமல் இருந்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை. அந்தத் திட்டம் 2024 செப்டெம்பரில் மூடிவிட்டது, ஆகவே இப்போது அதை நம்பி யாரும் காத்திருக்க வேண்டாம்.

காரோடு லொக் புக்கையும் கொடுத்தேன், போட்டோகூட எடுத்து வைக்கவில்லை. என்னைப் போல் தங்கள் காரை விற்றுவிட்டவர்களும் வழக்கில் சேரலாம் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. லொக் புக் என்பது யார் வைத்திருந்தார் என்பதற்கான பதிவுதான், சொந்தக்காரர் என்பதற்கு அத்தாட்சி அல்ல. வாங்கிய பில், ஃபினான்ஸ் எடுத்திருந்தால் அந்த ஒப்பந்தம், சேவிஸ் தாள்கள் எல்லாம் வேண்டும். பழைய இன்சூரன்ஸ் மின்னஞ்சல் ஒன்றின் இணைப்பில் என் பில் கிடைத்தது அதிர்ஷ்டம். மிச்சத்துக்கு வாகனங்களைப் பதிவு செய்யும் அரச அமைப்பான டி.வி.எல்.ஏயிடம் எழுதி என் பதிவு விவரத்தை எடுத்தேன். விற்கத் தீர்மானித்தால் ஒவ்வொரு தாளையும் முதலில் படம் பிடியுங்கள். எம்.ஓ.டி எனும் வருடாந்தப் பரிசோதனையின் வரலாறு அரசாங்க இணையத்தளத்தில் நம்பர் பிளேட்டைப் போட்டால் இலவசமாக வரும், அதையும் சேமித்து வையுங்கள். பழுது திருத்தக் கம்பனி திரும்ப அழைத்த காரா என்பதையும் அங்கேயே பார்க்கலாம், அதற்கு எந்தத் தம்பியின் டப்லெட்டும் தேவையில்லை.

வழக்கே வேண்டாம் என்று இதை வாசித்து நினைத்துவிடாதீர்கள். வேறு கம்பனிகள் மீதான பெரிய வழக்கு 2025 ஒக்டோபரில் லண்டனில் விசாரணைக்கு வந்தது. மெர்சிடிஸ், ஃபோர்ட், ரெனோ, நிசான், பெஜோ-சிட்ரோயன் ஆகிய ஐந்தும்தான் முதலில் விசாரணைக்கு எடுக்கப்பட்டன. ஐந்துமே குற்றச்சாட்டை மறுத்தன. வழக்குப் போடப் பொதுவாக ஆறு வருடக் காலவரையறை ஒன்று உண்டு, எப்போதிருந்து எண்ணுவது என்பதிலேயே வாதம் நடக்கும், ஆகவே சும்மா இருப்பதும் ஒரு தீர்மானம்தான். நான் 2024இல் நானாகவே ஒரு சொலிசிற்றரைத் தேடிப் பிடித்தேன். ஒழுங்குமுறை அமைப்பான எஸ்.ஆர்.ஏயின் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்தேன். வென்றால் எத்தனை வீதம் எடுப்பீர்கள், தோற்றால் எதிர்த்தரப்புச் செலவை யார் கட்டுவது, நடுவில் விலகினால் என்ன கட்டணம் என்று மூன்றையும் மின்னஞ்சலில் கேட்டேன். மூன்றுக்கும் நேராகப் பதில் எழுதினார்கள். அதற்குப் பிறகுதான் கையெழுத்து, பேனையால்.

போன சனிக்கிழமையும் அந்தத் தம்பி வாசலில் நின்றார். இப்போது கார் ஃபினான்ஸ் கொமிஷனுக்கும், அதாவது கார்க் கடனில் விற்றவர் எடுத்த கொமிஷனுக்கு நட்டஈடு கேட்கவும், சேர்த்துப் படிவம் நிரப்புகிறார். நான் அவரிடமே போய், ரத்துச் செய்யும் உரிமையைச் சொல்லும் தாள் எங்கே தம்பி என்று கேட்டேன். அலுவலகத்திலிருந்து அனுப்புவார்கள் அண்ணை என்றார். பக்கத்தில் விரலை நீட்டிக்கொண்டு நின்ற ஒரு அம்மா கையை இழுத்துக்கொண்டார். உங்களில் யாருக்காவது அப்படிப்பட்ட பில் வந்திருந்தால் கட்ட முன் கையெழுத்து வைத்த திகதியைப் பாருங்கள். அந்தத் தாள் உங்களுக்குத் தரப்படாமல், 12 மாதமும் 14 நாளும் கடக்காமல் இருந்தால் இன்றைக்கே எழுதுங்கள்.