ஜாயிண்ட் அக்கவுண்ட் போட்டு ஆறேழு வருஷம் ஓடிருச்சு, காசுச் சண்டை குறைஞ்சுதா?

புதுசா கல்யாணம் ஆனவங்க நிறைய பேரு இத கேக்கறாங்க, அதனால விவரமாவே எழுதிடறேன். நாங்க கோயமுத்தூர், ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம். ஆளுக்கொரு சொந்த அக்கவுண்ட், அது போக வீட்டுக்குன்னு பொதுவா ஒரு ஜாயிண்ட் அக்கவுண்ட், இதுதான் எங்க ஏற்பாடு. மளிகை, வாடகை மாதிரி மாசச் செலவுச் சண்டைய இது நிஜமாவே குறைச்சிருச்சு. சொந்தபந்தச் செலவுல பத்து பைசாவுக்கு பிரயோஜனம் இல்ல.

பாதிக்குப் பாதி போடறது எங்களுக்கு ஒத்து வராது, இவரு சம்பளம் என்னோடத விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, சமமா போட்டா எனக்கு பஸ் காசு கூட மிஞ்சாது. அதனால ரெண்டு பேருமே அவங்கவங்க சம்பளத்துல 60 சதவீதம். சம்பளம் விழுந்த மறுநாளே தானா போயிடற மாதிரி செட் பண்ணியாச்சு. வாடகை, பால், கேஸ், ஸ்கூல் ஃபீஸ், அத்தையோட மாத்திரை எல்லாம் அதுல இருந்து. மீதி 40க்கு யாரும் யாருகிட்டயும் கணக்கு கேக்கக்கூடாது.

இந்த ‘கணக்கு கேக்கக்கூடாது’ங்கறது நான் பிடிவாதமா வாங்கினது. 2016 நவம்பர்ல 500, 1000 செல்லாதுன்னு அறிவிச்சப்போ எங்கம்மா பல வருஷமா சேத்த சிறுவாட்டுப் பணம் உளுந்து டப்பாவுல இருந்தும் பட்டுப்புடவை மடிப்புல இருந்தும் வெளிய வந்து, பேங்க்ல மாத்தறதுக்காக அப்பா கையில குடுக்க வேண்டியதாச்சு, அப்பா ஒண்ணும் திட்டல, ஆனா அதுக்கப்புறம் அம்மாவுக்குன்னு தனியா ஒரு ரூபா இல்ல. நமக்கு அந்த நிலைமை வேண்டாம்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். உண்மைய சொன்னா இந்த மூணுல என்னை நிம்மதியா வெச்சிருக்கறது பொது அக்கவுண்ட் இல்ல, என் பேருல இருக்கறதுதான்.

ஆரம்பத்துல பெரிய தலைவலி எஸ்எம்எஸ். முதல் பேரு இவரோடதுங்கறதால மெசேஜ் எல்லாம் இவரு போனுக்கே போகும். நான் கடையில பெட்ஷீட்டுக்கு கார்டு தேச்சுட்டு பை கைக்கு வர்றதுக்குள்ள போன் வந்துரும், "என்ன வாங்கின?" கோவமா எல்லாம் கேக்க மாட்டாரு, சும்மா தெரிஞ்சுக்கத்தான்னு சொல்வாரு, ஆனா பில் போடற பொண்ணு முன்னாடி நின்னு பதில் சொல்றது நான்தானே. பேங்க்ல எழுதிக் குடுத்து என் நம்பரையும் சேத்தேன். அப்புறம்தான் சாயங்காலம் ஆனா பேக்கரியில டீ, பப்ஸ், தேங்காய் பன்னுன்னு பொதுப் பணத்துல இவரு ஸ்கேன் பண்றது எனக்கும் டிங் டிங்னு வர ஆரம்பிச்சுது. நான் ஒரு வார்த்தை கேக்கல. கொஞ்ச நாள்ல அந்த போன் தானா நின்னுபோச்சு, பேக்கரியும் சொந்த அக்கவுண்ட்டுக்கு மாறிருச்சு.

இப்ப சொந்தபந்தம். மொய்ல பிரச்சனை இல்ல, ரெண்டு பக்க மொய்யும் பொதுவுலதான், எங்க கல்யாண மொய் நோட்டுல அவங்க என்ன எழுதியிருக்காங்களோ அதுல இருந்து விலைவாசிக்கு ஏத்த மாதிரி கூட்டி வைக்கறோம், நோட்டு சொல்றதுக்கு மேல பேச்சே இல்ல. சீர்தான் சிக்கல். நாத்தனார் பையனுக்கு காதுகுத்து வந்துச்சு, இவருதான் தாய்மாமன். அரைப் பவுன், எல்லாருக்கும் துணி, சீர்த்தட்டுன்னு கணக்கு போட்டு பொதுவுல இருந்து எடுக்கலாம்னாரு. "ஏங்க, ஜூன்ல ஃபீஸ் கட்டணும்ங்க"ன்னேன். "தாய்மாமன் நான் வெறுங்கையோட போய் மணையில உக்காரவா?" "வெறுங்கையோட யாரு போகச் சொன்னா, ஃபீஸ் காசுல கை வைக்காதீங்கன்னுதான் சொல்றேன்." ரெண்டு நாள் வீட்டுல டிவி சத்தம் மட்டும்தான். கடைசியில தட்டும் துணியும் பொதுவுல, தங்கம் இவரு சொந்தக் காசுல. அடுத்த வருஷம் எங்கண்ணன் வீட்டு விசேஷத்துக்கு இதே கணக்க எனக்கும் திருப்பிப் போட்டாரு, அது நியாயம்தான், ஆனா அன்னிக்கு கடுப்பாதான் இருந்துச்சு.

சேமிப்புல நான் நகைச்சீட்டு, இவரு எஸ்ஐபி, அதாவது மாசாமாசம் மியூச்சுவல் ஃபண்டுல போடறது. சீட்டுல 11 மாசம் கட்டினா சேதாரத்துல தள்ளுபடி கிடைக்கும், ஆனா 3 சதவீதம் ஜிஎஸ்டிய யாரும் விட்டுத் தரமாட்டாங்க, அதையே திரும்பத் திரும்ப சொல்வாரு. 2020ல பவுன் 40 ஆயிரத்தைத் தாண்டினப்போ "இதுக்கு மேல எங்க ஏறப்போகுது"ன்னாரு, 2025ல 90 ஆயிரத்தையும் தாண்டிருச்சு, இப்ப ஜிஎஸ்டி பேச்சு வர்றதில்ல. ஏறினதுல என் சாமர்த்தியம் ஒண்ணும் இல்ல, விலை ஏறுச்சு, அவ்வளவுதான். ரெண்டு பேரும் தலையாட்டினது பொண்ணு பேருல போட்ட செல்வமகள் திட்டத்துக்கு மட்டும்தான், இப்போதைக்கு 8.2 சதவீதம் வட்டி, வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் வரைக்கும் கட்டலாம், நினைச்ச நேரத்துல எடுக்க முடியாதுங்கறதுனாலயே அத வெச்சு சண்டை வர்றதில்ல. பிபிஎஃப்ங்கற அரசாங்க சேமிப்புக் கணக்கு ஜாயிண்ட்டா போட முடியாது, அதனால அது ஆளுக்கொண்ணு.

ஆரம்பிக்கப் போறவங்க ஃபார்ம்ல ‘ஐதர் ஆர் சர்வைவர்’ங்கறதுக்கு டிக் அடிக்கறதுக்கு முன்னாடி யோசிங்க. அதுல ஒருத்தரே மொத்தப் பணத்தையும் எடுக்கலாம், இன்னொருத்தர பேங்க் கேக்காது. ‘ஜாயிண்ட்லி’ன்னு போட்டா ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு கையெழுத்து வேணும், மளிகைக் கடை ஸ்கேனுக்கெல்லாம் அது ஆகாது. அந்த அளவுக்கு நம்பிக்கை இல்லன்னா பொதுவுல ஒரு மாசச் செலவுக்கு மேல வைக்காதீங்க. அப்புறம் டெபாசிட் எதுவும் ஜாயிண்ட்டா போட்டா வட்டி முதல் பேருக்காரங்க பான்லதான் காட்டும், யாரு பேரு முதல்லன்னு ஃபார்ம் நிரப்பும்போதே பேசிக்கோங்க, எங்க வீட்டு அடுத்த எஃப்டியில என் பேருதான் முதல்ல.