மூன் சஃபாரி: ஓய்வுக்குப் போடலாம், இரண்டாவது பாட்டைத் தாண்டிவிட்டு

களைத்து வந்து உட்காரும்போது கேட்க மின்னணு இசையில் ஏதாவது சொல்லுங்கள் என்றால் பலரும் முதலில் கைகாட்டுவது இந்த ஆல்பத்தைத்தான். பிரான்சின் வெர்சாய் நகரத்து இரட்டையர் ஏர், அதாவது நிக்கொலா கோதானும் ஜான்-பெனுவா துன்கெலும், 1998 ஜனவரியில் வெளியிட்ட முதல் முழு ஆல்பம். 10 பாட்டு, மொத்தம் 44 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. பெயர் நியாயமாகத்தான் வாங்கியிருக்கிறது. ஆனால் போட்டுவிட்டுக் கண்ணை மூடினால் எட்டாவது நிமிடத்தில் திறக்கத்தான் வேண்டியிருக்கும்.

முதல் பாட்டு 'லா ஃபாம் தார்ஜான்', ஏழு நிமிடம், வார்த்தையே கிடையாது. பாட்டைத் தாங்கிப் பிடிப்பது பேஸ் கிட்டார். ஒரே சொற்றொடரைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே போகும். அடுத்து என்ன வரும் என்று காது தேட வேண்டியதில்லை. அதன் மேல் மின்பியானோ, கொஞ்சம் கொஞ்சமாக சின்தசைசர், அதாவது மின்சுற்றால் ஒலியை உருவாக்கும் கருவி. வேகம் ஒன்றும் ஆமை வேகமில்லை, நடந்து போகிற வேகம். இருந்தும் உடம்பு தளர்வதற்குக் காரணம் ஒலிகள் பிறக்கும் விதம். மின்பியானோவில் சுத்தியல் உலோகத்தில் பட்டு ஒலி எழுகிறது. மெதுவாக அழுத்தினால் மணியோசை போல உருண்டு வரும், குத்தாது. பழைய அனலாக் சின்தசைசர்களின் சுருதி துல்லியமாக ஓரிடத்தில் நிற்காமல் மயிரிழை அளவு ஆடும். அந்த ஆட்டம்தான் ஸ்வரக்கூட்டுக்கு ஒரு வெதுவெதுப்பைத் தருகிறது. கணினியில் அச்சுப் பிசகாமல் செய்த 'ரிலாக்ஸ்' இசை பத்து நிமிடத்தில் சலித்துப்போவது ஏன் என்பதற்கு இதிலேயே பாதி விடை இருக்கிறது.

அடுத்தது 'செக்ஸி பாய்'. நல்ல பாட்டு, இவர்களுக்குப் பெயர் வாங்கித் தந்த பாட்டு. ஆனால் கரகரப்பான பேஸ், அழுத்தமான டிரம்ஸ், ஒட்டிக்கொள்கிற பல்லவி. முதல் பாட்டு இறக்கி வைத்ததை இது மறுபடி தலையில் ஏற்றும். நான்காவதான 'கெல்லி வாட்ச் த ஸ்டார்ஸ்' அந்த அளவுக்கு இல்லை, ஆனால் கால் தாளம் போடும். ஐந்தாவது 'டாலிஸ்மன்' திரைப்படப் பின்னணி இசை போல. அதன் தந்திக் கருவிகள் ஏதோ நடக்கப்போகிறது என்ற எதிர்பார்ப்பைக் கிளப்பிக்கொண்டே இருக்கும். இருட்டில் கேட்கச் சுகம், ஓய்வுக்கு அல்ல.

பெத் ஹிர்ஷ் பாடிய இரண்டும், அதாவது மூன்றாவது 'ஆல் ஐ நீட்', ஏழாவது 'யூ மேக் இட் ஈஸி', ஆல்பத்திலேயே அமைதியான இடங்கள். குரலை உயர்த்தாமல், காதருகே பேசுவது போலப் பாடுகிறார். வேறு சில பாட்டுகளில் வோகோடர். குரலின் வடிவத்தை சின்தசைசர் ஒலிக்கு ஏற்றிவிடும் கருவி அது. மெய்யெழுத்துகள் மழுங்கிப்போவதால் வார்த்தையைப் பிடிக்க மூளை ஓடுவதில்லை. ஒன்பதாவதான 'நியூ ஸ்டார் இன் த ஸ்கை' இதனால்தான் இதமாக இருக்கிறது. எட்டாவதில் வரும் டியூபா என்ற பெரிய பித்தளை ஊதுகருவியைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ஊதுகுழலுக்கு இத்தனை சோம்பல் அழகா!

ஓய்வுக்கு மட்டும் என்றால் 1, 3, 7, 8, 9 என்ற வரிசையில் ஒரு பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். 25 நிமிடம் வரும். வரிசையைக் கலைத்துப் போடும் ஷஃபிள் வேண்டாம். தூங்க வைக்கும் இசை என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான். டிரம்ஸ் இல்லாத பாட்டு இதில் அபூர்வம்.

கேட்கும் கருவியில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பேஸ் கிட்டாரின் கீழ்த்தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 41 அதிர்வு. கைபேசி ஸ்பீக்கரில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரும்பாலும் ஒன்றும் வராது. அதில் கேட்டால் முதல் பாட்டின் உயிரே போய், மேலே மிதக்கும் கீச்சொலிதான் மிஞ்சும். காதுக்குள் செருகும் ஹெட்போன் என்றால் ரப்பர் முனை இறுக்கமாகப் பொருந்த வேண்டும். சிறு இடைவெளி இருந்தாலும் பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, கசிந்துவிடும். ஒரு அளவு பெரிய முனையைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு புது ஹெட்போனுக்குச் செலவழிக்கலாம்.

ஒலியைக் குறைத்துக் கேட்கும்போது இன்னொரு சிக்கல். குறைந்த ஒலியில் நம் காதுக்கு பேஸ் உள்ளதைவிடக் குறைவாகவே கேட்கும். ஒலியின் தாழ்ந்த, உயர்ந்த பகுதிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் 60 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை 3 டெசிபல் ஏற்றுங்கள், கூடவே மொத்த அளவை 3 டெசிபல் இறக்குங்கள். இறக்க மறந்தால் சத்தமான இடங்களில் ஒலி உடையும், பழி ஆல்பத்தின் மேல் விழும்.

ஸ்ட்ரீமிங்கில் தேடும்போது நீண்ட சிறப்புப் பதிப்பும் கண்ணில் படும். டெமோ, ரீமிக்ஸ் எல்லாம் பின்னால் சேர்த்தது. ரசிகர்களுக்கு விருந்துதான், ஆனால் பத்தாவது பாட்டு முடிந்ததும் அது நிற்காமல் ஓடும். ஓய்வுக்கு 10 பாட்டுப் பதிப்பே போதும், தானாக அடுத்ததைப் போடும் வசதியை அணைத்துவிட்டு.