பொய் அகராதி: தமிழில் பல வருடம் ஆடிப் பார்த்த அனுபவம்

யாருக்கும் தெரியாத ஒரு சொல்லை அகராதியில் எடுத்து, அதற்கு ஆளுக்கொரு பொய்ப் பொருள் எழுதி, எது உண்மை என்று கண்டுபிடிக்கிற விளையாட்டு இது. இலங்கை மலையகத்தில், டிக்கோயாவில் எங்கள் வீட்டில் பல வருடமாக ஆடுகிறோம். நாங்கள் வைத்த பெயர் ‘பொய் அகராதி’. கேள்விப்படுகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, “தமிழில் இது சரியாக வருமா?” என்பதுதான். நன்றாகவே வரும். ஆனால் ஆங்கிலத்தில் ஆடுவதை அப்படியே எடுத்து ஆடினால் சீக்கிரம் சலித்துப்போகும். தமிழுக்கென்று சில மாற்றங்கள் செய்ய வேண்டியிருக்கிறது. அவற்றை விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் விதி. ஒருவர் அகராதியை வைத்துக்கொண்டு ஒரு சொல்லை வாசிப்பார். யாருக்காவது அது தெரிந்திருந்தால் உடனே சொல்லிவிட வேண்டும், வேறு சொல் எடுக்கலாம். தெரியாவிட்டால், அகராதியில் இருப்பதுபோலவே ஒரு பொருளை ஆளாளுக்குத் துண்டுத்தாளில் எழுதிக் கொடுப்பார்கள். அகராதிக்காரர் உண்மையான பொருளையும் ஒரு துண்டில் எழுதி, எல்லாவற்றையும் கலந்து, ஒரே குரலில் வாசிப்பார். பிறகு ஓட்டு. எங்கள் வீட்டுக் கணக்கில் உண்மையைப் பிடித்தவருக்கு 2 புள்ளி. உங்கள் பொய்யை நம்பி விழுகிற ஒவ்வொரு ஓட்டுக்கும் உங்களுக்கு 1 புள்ளி. ஒருவர்கூட உண்மையைப் பிடிக்கவில்லை என்றால் அகராதிக்காரருக்கு 3. அப்புறம் அகராதி அடுத்தவர் கைக்குப் போகும்.

ஆங்கிலத்தில் இது வீடுகளில் ஆடிவந்த பழைய விளையாட்டு. பிபிசி 1965இல் ‘கால் மை பிளஃப்’ என்று இதே மாதிரி ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியைத் தொடங்கியது. 1984இல் கனடாவில் லாரா ராபின்சன், பால் டோய்ன் என்ற இருவர் இதை அட்டை, பலகை, பகடையோடு ‘பால்டர்டாஷ்’ என்ற பெட்டி விளையாட்டாகக் கொண்டுவந்தார்கள். டொரன்டோவில் இருக்கிற சித்தப்பா மகன் ஊருக்கு வந்தபோது அந்தப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தான். நல்ல விளையாட்டுத்தான், ஆனால் எங்களுக்குப் பொருந்தவில்லை. அட்டையில் இருந்த ஆங்கிலச் சொற்கள் எங்களுக்கு முழு இருட்டு. இந்தச் சொல் எந்தப் பக்கம் சாயும் என்ற ஒரு வாசனையாவது தெரிந்தால்தான் நம்பும்படி பொய் எழுத முடியும். அந்த வாசனை எங்களுக்குத் தமிழில்தான் வரும். பெட்டியை அலமாரிக்கு அனுப்பிவிட்டு அப்பாவின் பழைய கழகத் தமிழ் அகராதியை எடுத்தோம். 2022இல், மார்ச் மாதக் கடைசியில், ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேரம்வரை கரண்ட் போனதே, அந்த நாட்களில் மெழுகுவர்த்தி வைத்து ஆடத் தொடங்கியதுதான் எங்களுக்குப் பழக்கமாகவே ஆகிவிட்டது.

இந்த விளையாட்டின் உயிர் சொல் தேர்வில் இருக்கிறது. பார்த்தவுடனே விசித்திரமாகத் தெரிகிற சொற்களைத்தான் புதிதாக ஆடுகிறவர்கள் தேடுவார்கள். ஞமலி, ஞிமிறு, ஞெகிழி என்று ஞகர வரிசையிலேயே குடியிருப்பார்கள். ஞமலி என்றால் நாய், ஞிமிறு என்றால் வண்டு. கேட்க அழகான சொற்கள், ஆனால் பொய் எழுதப் பிடிமானம் கிடைக்காது. எல்லாரும் மனம்போன போக்கில் எழுதுவார்கள், ஓட்டும் மனம்போன போக்கில் விழும்.

தமிழில் இதற்குத் தோதானவை, பார்த்தால் நம்மோடு பழகியவைபோல இருந்து, பொருள் வேறெங்கோ இருக்கிற சொற்கள். எண்கு என்று ஒரு சொல். கேட்டவுடன் மூளை எண்ணிக்கைப் பக்கம் ஓடும். எங்கள் வீட்டில் ‘நெல் அளக்கும்போது கணக்கு வைக்கப் போடும் கூழாங்கல்’ என்று மச்சான் எழுதினார், நாலு பேர் விழுந்தோம். உண்மைப் பொருள் கரடி. தகர் என்றால் உடைப்பது என்று தோன்றும், ஆனால் அது ஆட்டுக்கடா. ஞாயில் என்றால் சூரியன் கண்ணுக்குத் தெரியும், ஆனால் அது கோட்டை மதிலின் ஓர் உறுப்பு. பிசி என்றால் பிள்ளைகள் கணினி என்பார்கள். தொல்காப்பியத்திலேயே வருகிற சொல் அது, விடுகதை என்று பொருள்.

இந்த வகையில் என்னை மிகவும் கவர்ந்தது ‘நாம்’. தொல்காப்பியர் உரியியலில், வெளிப்படையாகத் தெரிந்த சொல்லுக்குப் பொருள் சொல்ல வேண்டியதில்லை, வெளிப்படாத சொற்களுக்குத்தான் சொல்லப்போகிறேன் என்று தொடங்குகிறார். எங்கள் விளையாட்டுக்கே எழுதிய விதி மாதிரி இருக்கும். அந்தப் பட்டியலில் பே, நாம், உரும் மூன்றுக்கும் அச்சம் என்று பொருள் வருகிறது. நாள் முழுக்க வாயில் புழங்குகிற ‘நாம்’ என்ற எழுத்துக்கூட்டுக்குப் பயம் என்று ஒரு பழைய பொருள்! அந்தச் சுற்றில் ஒருவர்கூட உண்மையைப் பிடிக்கவில்லை. அகராதி அன்று அக்கா கையில். மூன்று புள்ளியைவிட எங்கள் முகங்களைப் பார்த்ததில்தான் அவளுக்குச் சந்தோஷம்.

உண்மையே பொய்போல இருக்கிற சொற்கள் இன்னொரு வகை. அசுணம் என்று எடுத்து, ‘இசையை அறியும் ஒரு விலங்கு’ என்று வாசித்தால் ஒரு பயல் நம்ப மாட்டான். யாழ் வாசித்து அதை மயங்க வைத்து, பிறகு பறையை அடித்துக் கொல்வார்கள் என்று பழைய உரைகள் சொல்லும். நற்றிணையில் ஒரு பாட்டு, தலைவனால் வரும் இன்பத்தையும் துன்பத்தையும் அசுணம் கொல்பவர் கைக்கு ஒப்பிடுகிறது. சுற்று முடிந்த பிறகு இதைச் சொன்னால் பிள்ளைகள் அந்தச் சொல்லை மறக்கவே மாட்டார்கள். பாடமாக நடத்தியிருந்தால் இப்படி ஒட்டியிருக்காது என்பது என் அனுபவம்.

இனி ஆட்கள். எங்கள் வீட்டில் அதிகம் ஜெயிக்கிறவர் அம்மாயி. அவருக்கு எழுத வாசிக்கத் தெரியாது. அக்கா மகன் காதில் சொல்வார், அவன் எழுதிக் கொடுப்பான். குட்டிமம் என்று ஒரு சொல் வந்தபோது நாங்கள் எல்லாரும் சின்னது, சிறுமை, குழந்தைத்தனம் என்று சுற்றிக்கொண்டிருந்தோம். அம்மாயி, “ஆடு குட்டி போட்டா மூணு நாளைக்குத் தாயோட தனியா கட்டுற எடம்னு எழுதுடா” என்றார். அவன் அதை ‘ஈன்ற ஆட்டைக் குட்டியுடன் தனியே கட்டும் இடம்’ என்று அகராதி நடைக்கு மாற்றிக் கொடுத்தான். அத்தனை ஓட்டும் அதற்குத்தான். உண்மையில் குட்டிமம் என்றால் கல் பதித்த தரை. அம்மாயியின் பொய்களைக் கவனித்துப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் ஒரு வேலை இருக்கும். யார் செய்வது, எப்போது செய்வது, எதற்காக என்பது தெரியும். எங்கள் பொய்களில் கற்பனை இருக்கும், வேலை இருக்காது. நாங்கள் படித்தவர்கள் மூளையைக் கசக்கிக்கொண்டிருக்கும்போது அவர் இஸ்தோப்பு (வீட்டு முன்திண்ணை) பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு உடனே சொல்லிவிடுவார். தோற்றுப்போனவர்கள் பிறகு சத்தம் போட்டால், “அகராதி புடிச்சதுங்க” என்பார்.

எழுதுகிற நடையும் வருடத்துக்கு வருடம் மாறியது. ஆரம்பத்தில் ‘பண்டைக் காலத்தில் அரசர்கள்’ என்று தொடங்கி மூன்று வரிக்கு எழுதுவோம். தமிழ் அகராதிகள் அப்படிப் பேசுவதில்லை, பெரும்பாலும் ஒரு சொல், இரண்டு சொல்லோடு முடித்துவிடும். அதனால் எது குட்டையோ அதுவே உண்மை என்று எல்லாருக்கும் பிடிபட்டுவிட்டது. உடனே அத்தனை பேரும் குட்டையாக எழுதத் தொடங்கினார்கள். அதன் பிறகு வந்தது ‘ஒருவகை’ காலம். ஒருவகை மரம், ஒருவகைப் பூண்டு, ஒருவகை மீன். அகராதி நிறைய இடத்தில் இப்படித்தான் சொல்கிறது, எனவே பொய்யும் அதையே சொன்னது. ஒரு ராத்திரி வாசித்த துண்டுகளில் பாதிக்கு மேல் மரம். யாரும் எதையும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அன்றைக்கே விதி போட்டோம்: உண்மைப் பொருள் ‘ஒருவகை’ என்று தொடங்கினால் அந்தச் சொல்லை எடுக்கக்கூடாது, பொய்யிலும் அது வரக்கூடாது. விளையாட்டுக்குத் திரும்ப உயிர் வந்தது. தமிழில் ஆடப்போகிறவர்கள் இந்த ஒரு விதியையாவது வைத்துக்கொள்ள வேண்டும் என்பேன்.

இரண்டாவது கட்டாய விதி, பல பொருள் தரும் சொற்களுக்கு. எகினம் என்று எடுத்தால் அன்னம், நாய், கவரிமான், புளியமரம் என்று வரிசையாகப் போகும். அகராதிக்காரர் அதில் ஒன்றைத்தான் எழுத வேண்டும். அப்போது யாராவது ‘நாய்’ என்று சும்மா எழுதி, அதுவும் உண்மையாகிவிட்டால்? பெரிய சண்டை வந்திருக்கிறது. இப்போது, தற்செயலாக எந்த உண்மைப் பொருளைத் தொட்டாலும் அவருக்கு 3 புள்ளி கொடுத்து அந்தத் துண்டை எடுத்துவிடுகிறோம். இதனால் அகராதிக்காரர் துண்டுகளை எல்லாம் வாசிப்பதற்கு முன் மனதுக்குள் ஒரு தடவை படித்துக்கொள்கிறார். அதில் இன்னொரு நன்மை, கையெழுத்து புரியாமல் திக்கி நின்று ‘இது நம் ஆள் எழுதினது’ என்று காட்டிக்கொடுக்காமல் இருக்கலாம்.

இந்த விளையாட்டு எனக்குக் கொடுத்ததிலேயே பெரிது என்று நான் நினைப்பது வேறு. பள்ளி லீவில் சென்னையில் படிக்கிற மாமா மகளும் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரும் வீடியோவில் சேர்ந்துகொள்வார்கள். அவர்களுக்காக அகராதியை மூடிவிட்டுத் தேயிலைத் தோட்டத்துச் சொற்களை எடுத்தோம். பெரட்டு, கொந்தரப்பு, கவ்வாத்து, பிள்ளைக்காம்பரா, வாசக்கூட்டி. எங்களுக்குத் தினமும் புழங்குகிற சொற்கள், அவர்களுக்கு ஞமலியும் ஞிமிறும் மாதிரி. பெரட்டு என்றால் காலையில் வேலைக்கு ஆள் கூடி நிற்பது, கவ்வாத்து என்றால் தேயிலையை வெட்டிவிடுவது, இதெல்லாம் சிரிப்போடு போனது. அப்புறம் யாரோ ‘அரைப்பேர்’ என்று கொடுத்தார்கள். மாமா மகள் ‘பெயர் சூட்டும்வரை குழந்தையைக் கூப்பிடும் பெயர்’ என்று எழுதினாள். அழகான பொய். நண்பர் ‘ஒருவரைச் சுருக்கி அழைக்கும் பெயர்’ என்றார். உண்மையை அத்தை சொன்னார். குறித்த கிலோ கொழுந்து எடுக்காவிட்டால் அன்றைக்குப் பாதிச் சம்பளம்தான் விழும், அதுதான் அரைப்பேர். மழையில் நனைந்து நின்று எடுத்தாலும், மலையில் கொழுந்து இல்லாவிட்டாலும் அரைப்பேர் அரைப்பேர்தான் என்று, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசைப் பார்த்து நின்ற நாட்களைப் பற்றி அவர் பேசத் தொடங்கினார். புள்ளி போடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தோம். இத்தனை வருடம் பக்கத்திலேயே இருந்தும் அத்தை அவ்வளவு நேரம் தன் வேலையைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. அதன் பிறகு ஒரு கொப்பியில் இந்தச் சொற்களை, பெரியவர்கள் சொல்கிற பொருளோடு, அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதி வருகிறோம். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியில் இலங்கை வழக்குகளுக்கு ‘இலங்.’ என்று குறி போட்டிருப்பார்கள். அதில் எங்கள் தோட்டத்துச் சொற்கள் எவையெவை இருக்கின்றன என்று தேடிப் பார்ப்பதும் இப்போது பிள்ளைகளுக்கு ஒரு வேலை.

குறைகள் என்று பார்த்தால், நாலு பேருக்குக் குறைந்தால் இது எடுபடாது. எட்டுப் பேருக்கு மேலே போனால் கடைசிப் பொருளை வாசிக்கும்போது முதலாவது மறந்துவிடும். கூட்டம் அதிகமான நாளில் நாங்கள் பிபிசி முறைக்கு மாறுவோம்: மூன்று பேர் முன்னால் நின்று ஒரே சொல்லுக்கு ஆளுக்கொரு பொருள் சொல்வார்கள், ஒருவர் சொல்வது மட்டும் உண்மை, மற்றவர்கள் கையைத் தூக்கலாம். எழுதுகிற வேலை இல்லாததால் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பெரியவர்களுக்கு இது மிகவும் பிடிக்கும். இலக்கியத்தில் ஊறிய தமிழாசிரியர் ஒருவர் நடுவில் இருந்தால் சங்கச் சொற்கள் எடுபடாது, அவரை நிரந்தர அகராதிக்காரராக உட்கார வைத்துவிடுங்கள். சின்னப் பிள்ளைகளைப் பெரியவர் ஒருவரோடு ஜோடி சேர்த்தால் நன்றாக ஆடுவார்கள்.

அகராதிக்குச் செலவழிக்க வேண்டியதில்லை. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் இணையத்தில் இலவசமாகத் தேடக் கிடைக்கிறது. ஒரு லட்சத்துக்கு மேல் சொற்கள், ஆயுசுக்கும் போதும். ஆனால் எல்லார் ஃபோனிலும் அது கிடைப்பதுதான் தொல்லையும். ஆட்டம் தொடங்கும்போது ஃபோன்கள் எல்லாம் பிஸ்கட் டின்னுக்குள் போய்விட வேண்டும், அகராதிக்காரருடையது தவிர. அவரும் சொற்களை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஆட்டம் நிற்காமல் ஓடும். முதல் ராத்திரிக்கு ஆறேழு சொற்கள் போதும். இங்கே நான் சொன்னவற்றை விட்டுவிட்டு வேறு எடுங்கள், உங்கள் வீட்டிலும் யாராவது இதைப் படித்திருப்பார்கள்.