அதே 500 கம்பெனிகள், இரண்டு முகவரிகள்

சிங்கப்பூருக்கு 2013-ல் வந்தேன். பன்னிரண்டு ஆண்டுகளில் ஊருக்கு அனுப்பியது போக 1,20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) மிஞ்சியது. வெளிநாட்டு வேலையாளுக்கு இங்கே சிபிஎஃப் என்ற சேமநிதி கிடையாது. வயதான காலத்துக்கு என்று யாரும் நமக்காக ஒரு காசும் எடுத்து வைப்பதில்லை. இருப்பது இந்தப் பணம்தான். ஆறு மாத அரசுக் கடன் பத்திரங்களில் அதைச் சுற்றவிட்டிருந்தேன். 2023-ல் நான்கு சதவீதத்தை ஒட்டிக் கொடுத்த பத்திரம் 2024 இறுதியில் மூன்றுக்கு இறங்கியது. சரி, ஒரு பங்குச்சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளை அதே விகிதத்தில் வாங்கி வைக்கும் இண்டெக்ஸ் ஃபண்ட் என்று முடிவு செய்தேன். எந்த இண்டெக்ஸ், எந்த நாட்டில் பதிவான ஃபண்ட் என்று தேடுவதில் இரண்டு மாதம் போனது.

சிங்கப்பூரின் எஸ்டிஐ குறியீட்டை முதலிலேயே ஒதுக்கினேன். மொத்தம் முப்பது பங்குகள், அதில் மூன்று வங்கிகள் மட்டுமே ஏறக்குறைய பாதி. சம்பளமும் இந்த ஊரில், சேமிப்பும் இந்த ஊரில் என்றால் ஒரே கிளையில் இரண்டு ஊஞ்சல் கட்டிய கதை. எஸ்ஆர்எஸ் என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கு வெளிநாட்டவருக்கும் உண்டு, ஆண்டுக்கு 35,700 வெள்ளி வரை போடலாம். வரி மிச்சமாவதுதான் அதன் கவர்ச்சி. என் சம்பளத்துக்கு வரியே சொற்பம் என்பதால் அதையும் விட்டேன்.

மிஞ்சியவை மூன்று: அமெரிக்காவில் பதிவான எஸ் அண்ட் பி 500 (அமெரிக்காவின் 500 பெரிய கம்பெனிகளின் குறியீடு) இடிஎஃப் (பங்கு போலவே சந்தையில் வாங்கி விற்கும் ஃபண்ட்), அயர்லாந்தில் பதிவான எஸ் அண்ட் பி 500 இடிஎஃப், இந்தியாவின் 50 பெரிய கம்பெனிகளைக் கொண்ட நம் ஊர் நிஃப்டி 50 ஃபண்ட்.

முதல் இரண்டையும் பார்த்தால் யாருக்கும் குழப்பம் வரும். இரண்டிலும் இருப்பது அதே ஆப்பிள், அதே மைக்ரோசாஃப்ட். அமெரிக்க வேன்கார்ட் நிறுவனத்தின் விஓஓ என்ற இடிஎஃப் ஆண்டுக்கு எடுக்கும் கட்டணம் 0.03 சதவீதம். லண்டன் சந்தையில் டாலரிலேயே வாங்கக்கூடிய, அயர்லாந்தில் பதிவான ஐஷேர்ஸ் சிஎஸ்பிஎக்ஸ் எடுப்பது 0.07. அறையில் என்னுடன் தங்கியிருப்பவர் இந்த இரண்டு எண்களைப் பார்த்துவிட்டு, "இதில் யோசிக்க என்ன இருக்கிறது, பாதிக்கும் குறைவான விலையில் கிடைப்பதை விடுவார்களா?" என்றார்.

கம்பெனிகள் பங்குதாரர்களுக்குத் தரும் லாபப் பங்கான டிவிடெண்டைச் சேர்த்துப் பார்த்தால் கணக்கு திரும்பிவிடுகிறது. சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் வரி ஒப்பந்தம் இல்லை. அதனால் விஓஓ தரும் டிவிடெண்டில் 30 சதவீதத்தை அமெரிக்கா பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தரும். அயர்லாந்து ஃபண்டுக்கு ஒப்பந்தப்படி 15 சதவீதம், அதுவும் ஃபண்டுக்குள்ளேயே கழிந்துவிடும். என்னிடம் இருந்த பணம் அன்றைய மதிப்பில் சுமார் 90,000 டாலர். டிவிடெண்ட் 1.3 சதவீதம் என்று வைத்தால், விஓஓ-வில் வரியும் கட்டணமும் சேர்ந்து ஆண்டுக்கு 378 டாலர். சிஎஸ்பிஎக்ஸில் 240-க்குள் முடிந்துவிடும். மலிவு என்று பார்த்ததுதான் விலை கூடியது. ஆனாலும் ஆண்டுக்கு 140 டாலர் வித்தியாசத்துக்காக இவ்வளவு எழுத வேண்டியதில்லை. நான் முடிவெடுத்தது வேறு ஒன்றை வைத்து.

எங்கள் கம்பெனியில் என்னோடு வேலை பார்த்தவர் ஒருவர், மன்னார்குடிப் பக்கம், நாற்பத்தொரு வயதில் மாரடைப்பில் போய்விட்டார். அவர் சாமான்களைப் பெட்டியில் கட்டி அனுப்பியது நான்தான். மூன்று மாதம் கழித்து அவர் மனைவி கூப்பிட்டார். "தம்பி, அமெரிக்காவில் ஏதோ வாங்கி வைத்திருக்கிறாராம். தாசில்தார் ஆபீஸில் வாரிசுச் சான்றிதழ் வாங்கி அனுப்பினேன், அது போதாது என்கிறார்கள். ஃபோனையும் திறக்க முடியவில்லை." அவர் வைத்திருந்தது 70,000 டாலர் அளவுக்கு அமெரிக்க இடிஎஃப். புரோக்கர் கேட்டது, சொத்தை வாரிசுக்கு மாற்றலாம் என்று அமெரிக்க வரித்துறை தரும் சான்றிதழ். அதற்கு 706-என்ஏ என்ற படிவத்தை, இறந்த நாளிலிருந்து ஒன்பது மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். "என்ன செய்யட்டும் தம்பி?" என்று கேட்டபோது, "பார்க்கிறேன் அண்ணி" என்பதைத் தவிர எனக்குச் சொல்ல ஒன்றும் தெரியவில்லை. கணக்கில் இருந்த பணம் அவர் கைக்கு வரப் பதினான்கு மாதமானது.

அப்போதுதான் இதைத் தேடிப் படித்தேன். அமெரிக்கக் குடியுரிமையும் இல்லாமல், அங்கே குடியிருக்கவும் செய்யாத ஒருவர் இறந்தால், அவர் பெயரில் உள்ள அமெரிக்கச் சொத்துக்கு எஸ்டேட் வரி உண்டு. அமெரிக்கர்களுக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் வரை விலக்கு. நமக்கு விலக்கு 60,000 டாலர். அதற்கு மேல் 26 சதவீதத்தில் தொடங்கி 40 வரை ஏறுகிறது. என் 90,000 டாலரையும் விஓஓ-வில் போட்டுவிட்டு நான் போய்ச் சேர்ந்தால் வரி 8,000 டாலர். அதுவே இரண்டு லட்சமாக வளர்ந்திருந்தால் 41,800. நன்றாக வளர வேண்டும் என்றுதானே போடுகிறோம்? வளர வளர இந்த வரியும் கூடவே வளர்கிறது. இந்தியா 1985-லேயே எஸ்டேட் வரியைக் கைவிட்டுவிட்டது, சிங்கப்பூர் 2008-ல். ஆனால் இந்த வரிக்கு அமெரிக்காவோடு இரண்டு நாடுகளுக்குமே ஒப்பந்தம் இல்லை.

இங்கே ஒரு பொறியும் இருக்கிறது. சிங்கப்பூர் பங்குச்சந்தையிலேயே எஸ்பிடிஆர் எஸ் அண்ட் பி 500 கிடைக்கிறது. இங்கே வாங்கினால் இது சிங்கப்பூர்ச் சொத்துதான் என்று நான்கூட நம்பியிருந்தேன். ஃபண்ட் பதிவான இடம் அமெரிக்கா, ஆகவே அது அமெரிக்கச் சொத்தே. எந்தக் கடையில் வாங்கினோம் என்பது கணக்கில் வராது. சிஎஸ்பிஎக்ஸில் நமக்குச் சொந்தமாவது ஓர் ஐரிஷ் ஃபண்டின் யூனிட். ஆப்பிள் பங்கு அந்த ஃபண்டின் பெயரில் இருக்கிறது, நம் பெயரில் இல்லை. அமெரிக்க எஸ்டேட் வரி அங்கேயே நின்றுவிடுகிறது.

நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். வரி போய்விடும், காகித வேலை போகாது. எந்த புரோக்கராக இருந்தாலும் நீதிமன்ற ஆவணம் கேட்பார்கள். மனைவியையும் சேர்த்துக் கூட்டுக் கணக்காகத் திறந்திருக்கிறேன், அது எவ்வளவு தூரம் உதவும் என்பதை இருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்கு இல்லை.

இந்த ஒரு விஷயத்தில் நிஃப்டி ஃபண்ட்தான் ராஜா. நாமினி பெயர் போட்டிருந்தால், இறப்புச் சான்றிதழும் கேஒய்சி காகிதமும் கொடுத்து யூனிட்டுகளைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம், உள்ளூர் பஸ்ஸில் போய்வரும் தூரத்தில். அப்படியானால் முழுப் பணத்தையும் அங்கே போடாதது ஏன்? நான் வந்தபோது ஒரு வெள்ளிக்கு 44 ரூபாய். ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலையில் பணம் அனுப்பும் கவுன்ட்டர் வரிசையில் நின்று அந்தப் பலகை எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறேன். 2025-ல் 65-ஐத் தாண்டியது. ஊருக்கு அனுப்புகிறவனுக்கு அது கொண்டாட்டம், ஏற்கெனவே ரூபாயாக மாற்றி வைத்தவனுக்குத் தேய்மானம். இங்கே பங்கு விற்ற லாபத்துக்கு வரி இல்லை. அங்கே ஓராண்டுக்கு மேல் வைத்து விற்றாலும் 1.25 லட்சத்துக்கு மேலான லாபத்துக்கு 12.5 சதவீதம். வெளிநாட்டில் இருப்பவருக்கு அதை முன்கூட்டியே டிடிஎஸ்ஸாகப் பிடித்துவிடுவார்கள். ஆனாலும் மகளின் படிப்புச் செலவு ரூபாயில்தான் வரப்போகிறது. அதனால் கால் பங்கு நிஃப்டியில், முக்கால் பங்கு சிஎஸ்பிஎக்ஸில்.

ஊர் திரும்பிய பின் சிஎஸ்பிஎக்ஸ் சும்மா இருக்கவிடாது. முழு வரிக் குடியிருப்பாளர் ஆனதும் ஒவ்வொரு ஆண்டும் வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்தைக் காட்ட வேண்டும். மறைத்தால் பத்து லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கலாம். டிவிடெண்டைக் கையில் தராமல் உள்ளேயே சேர்த்துக்கொள்ளும் ஃபண்ட் என்பதால், விற்கும் வரை வருமானமாகக் காட்ட ஒன்றும் வராது என்பது என் கணக்கு. திரும்பிப் போனவர்களிடம் கேட்டதுதான், அனுபவம் இல்லை.

மொத்தமாகப் போடுவதா, பிரித்துப் போடுவதா என்பதற்கு வேன்கார்ட் 2012-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது: மூன்றில் இரண்டு முறை மொத்தமாகப் போட்டதே ஜெயித்திருக்கிறது. படித்தேன், ஒத்துக்கொண்டேன், நான்கு தவணையாகவே போட்டேன். முதல் தவணை 2025 பிப்ரவரியில். ஏப்ரல் 3, 4 இரண்டே நாளில் எஸ் அண்ட் பி பத்து சதவீதத்துக்கு மேல் விழுந்தது. இரண்டாவது தவணையை அந்த வாரம் போட எனக்குக் கை வரவில்லை. மே மாதம் கூடுதல் விலைக்குப் போட்டேன்.

கணக்கு எண், புரோக்கர் பெயர், ஃபண்டின் பெயர், யாரைக் கூப்பிட வேண்டும் என்று எல்லாவற்றையும் ஒரு முழுப் பக்கத்தில் தமிழில் எழுதி, போன பொங்கலுக்குப் போனபோது மனைவியிடம் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தாள். "எல்லாம் சரிங்க, ஃபோனைத் திறக்கிற நம்பர் எங்கே?" என்றாள். மறந்துதான் போயிருந்தேன். பேனாவை வாங்கி அவளே அடியில் எழுதிக்கொண்டாள்.