லோ-பெட் என்று பேசி ஹை-பெட் அனுப்புகிறார்கள்: பாய்லர், டிரான்ஸ்ஃபார்மர் இறக்குபவர்கள் கவனத்துக்கு

மதுரை, திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர் பக்கம் ஆலை வைத்திருப்பவர்கள் பாய்லரோ டிரான்ஸ்ஃபார்மரோ பெரிய டேங்க்கோ இறக்குவதாக இருந்தால், இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். வண்டி நடுரோட்டில் நிற்கும்போதுதான் ஏமாந்தது தெரிகிறது. ஆனால் கதை முடிந்தது கொட்டேஷன் வாங்கிய அன்றைக்கே. வண்டித் தளம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அதில் யாரும் எழுதவில்லை. தளம் தரையை ஒட்டித் தாழ்ந்திருக்கும் டிரெய்லர் லோ-பெட்; உயர்ந்திருக்கும் சாதாரண டிரெய்லர் ஹை-பெட்.

திருச்சி துவாக்குடியில் செய்த ஒரு பாய்லர். எடை 26 டன், நீளம் 7.2 மீட்டர், அகலம் 3.2 மீட்டர், சேடிலோடு (அடியில் தாங்கும் பீடம்) சேர்த்து உயரம் 3.5 மீட்டர். இறங்க வேண்டிய ஆலை திருமங்கலம் பக்கம், ரயில்வே கேட்டைத் தாண்டி உள்ளே. விலை கேட்ட இடங்களில் மற்றவர்கள் எல்லாம் ரூ.1,25,000-க்கு மேல் சொல்ல, மதுரை புரோக்கர் ஒருவர் மட்டும் ரூ.85,000 என்றார். "லோ-பெட், பர்மிட், பைலட், கிரேன் எல்லாம் உள்ளே" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி, அவ்வளவுதான் ஒப்பந்தம். (பைலட் என்பது லோடுக்கு வழிகாட்டிக் கூடவே போகும் வண்டி.) 80 சதவீதம் அட்வான்ஸ் போனது.

ஏற்றும் இடத்துக்கு வந்தது சாதாரண 40 அடி பிளாட் டிரெய்லர். லோ-பெட் பிரேக்டவுன், இதுவும் அதே மாதிரிதான் என்று போனில் சமாதானம். பாய்லர் செய்து கொடுத்த யூனிட்டுக்குத் தங்கள் முற்றம் காலியானால் போதும். ஏற்றும் கிரேனுக்கு மணிக்கணக்கில் வாடகை ஓடிக்கொண்டிருக்கிறது. வாங்குபவரின் ஆள் யாரும் அங்கே இல்லை. ஏற்றிவிட்டார்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். சாதாரண டிரெய்லரின் தளம் தரையிலிருந்து சுமார் 1.5 மீட்டர். செமி லோ-பெட் என்றால் 1.1 முதல் 1.2. சரியான லோ-பெட் 0.9 மீட்டரை ஒட்டி இருக்கும். 3.5 மீட்டர் பாய்லரை சாதாரண டிரெய்லரில் வைத்தால் மொத்தம் 5 மீட்டர். லோ-பெட்டில் வைத்தால் 4.4. நான்குவழிச் சாலையில் இந்த வித்தியாசம் தெரியாது, புதிய மேம்பாலங்களுக்கு அடியில் 5.5 மீட்டர் இடைவெளி இருக்கும். விராலிமலை, துவரங்குறிச்சி, கொட்டாம்பட்டி, மேலூர் என்று வண்டி சுகமாக வந்துவிடும். ஆனால் மின்மயமான ரயில் பாதையின் கேட்டுக்கு இரண்டு பக்கமும் நிற்கும் இரும்பு உயரத் தடுப்பு சுமார் 4.7 மீட்டர்தான். அங்கே நின்றது.

அந்தத் தடுப்பை ஜாக்கி போட்டுத் தூக்கலாம், ஒரு பக்கம் கழற்றலாம் என்று யோசனை சொல்ல அங்கேயே நாலு பேர் இருப்பார்கள். கேட்காதீர்கள். மேலே ஓடுவது 25,000 வோல்ட். கம்பியைத் தொடவே வேண்டாம், கிட்டப் போனாலே பாயும். தடுப்பை மீறிய உயரத்துக்கு ரயில்வேயிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். வண்டியைக் கேட்டில் நிறுத்திவிட்டு வாங்கும் அனுமதி இல்லை அது.

அடுத்து வந்ததுதான் புரோக்கர் எதிர்பார்த்திருந்த கட்டம். வேறு லோ-பெட்டுக்கு மாற்ற ரூ.60,000, மாற்றுவதற்கான கிரேன் தனி, நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஹால்டிங் ரூ.5,000. ரூ.85,000 லோடு ரூ.1,25,000 சொன்னவர்களை எப்போதோ தாண்டிவிட்டது. மறுத்தால் வண்டி சர்வீஸ் ரோட்டிலேயே நிற்கும். டிரைவரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. பெரும்பாலும் அவருக்கும் பேட்டா வந்திருக்காது, வண்டிக்கு அடியில் பாய் விரித்துப் படுத்திருப்பார்.

புரோக்கர் ஒரு நியாயமும் சொன்னார்: "லோ-பெட் உங்க ரோட்டுக்கு வராது சார், வயிறு தட்டும்." இதில் பாதி உண்மை. லோ-பெட்டின் நடுப்பகுதி தரையை ஒட்டி இருப்பதால் ரயில்வே கேட் மேடு, கால்வாய்ப் பாலத்தின் முதுகு, ஊர்க்காரர்கள் போட்ட வேகத்தடை ஆகியவற்றில் உட்கார்ந்துவிடும். அதற்கு வழி ஹைட்ராலிக் சஸ்பென்ஷன் உள்ள லோ-பெட், அல்லது மேட்டுக்கு முன்னும் பின்னும் மணல் மூட்டையும் இரும்புத் தகடும் போட்டுச் சரிவை நீட்டுவது. எது தேவை என்பதை ரூட் சர்வேயில் பார்த்து விலையில் சேர்த்திருக்க வேண்டும். சர்வேயே நடக்கவில்லை என்பதுதான் விஷயம்.

சர்வே என்றால் பைக்கில் ஒரு சுற்று போய்விட்டு வருவது இல்லை. லோடோடு சேர்ந்த மொத்த உயரத்துக்கு மேல் 15 முதல் 20 சென்டிமீட்டர் கூட்டி ஒரு பிவிசி குழாயை ஜீப்பில் நட்டு, கடைசி மீட்டர் வரை ஓட்டிப் பார்ப்பது. நம் பக்கத்தில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கிய கடைசி ஐந்தாறு கிலோமீட்டர்தான் வில்லங்கம். ரோட்டுக்குக் குறுக்கே போகும் லோ-டென்ஷன் கம்பி விதிப்படி 5.8 மீட்டரில் இருக்க வேண்டும். தொய்ந்த கம்பியும் வீட்டு சர்வீஸ் ஒயரும் விதியைப் படித்ததில்லை. தட்டும் இடத்தில் மின்வாரியத்திடம் பணம் கட்டி லைன் கிளியர் (அந்த லைனில் மின்சாரத்தை நிறுத்தித் தருவது) வாங்க வேண்டும், அதற்கு நாள் முன்கூட்டியே குறிக்க வேண்டும். மூங்கில் கழியால் கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் ஆளை வைத்து வண்டி நகர்த்துகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவரிடம் லோடே கொடுக்காதீர்கள். அடுத்தது கண்மாய்க் கரை ரோடு. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு கரையின் ஓரம் ஊறிப்போயிருக்கும். தார் முழுசாகத் தெரியும், டயர் ஓரத்தில் ஏறியதும் உள்ளே போகும். ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகும் சின்னப் பாலங்களின் நிலை தெரியாவிட்டால் நெடுஞ்சாலைத் துறை உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் கேளுங்கள். சித்திரைத் திருவிழா நாட்களில் மதுரையைத் தொட்டுப் போகும் எந்தத் திட்டமும் வேண்டாம்.

பர்மிட்டில் நடந்தது இன்னொரு கூத்து. சாதாரண வண்டிக்கு அகல வரம்பு 2.6 மீட்டர். அதைத் தாண்டும், பிரிக்க முடியாத ஒற்றைச் சரக்குக்குத்தான் ஓடிசி (ஓவர் டைமென்ஷனல் கார்கோ, அளவு மீறிய சரக்கு) அனுமதி. தேசிய நெடுஞ்சாலைக்கு ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் இணையதளத்தில் விண்ணப்பம். உள் ரோடுகளுக்கு மாநில அதிகாரிகளிடம் தனியாக. அந்த அனுமதி வண்டி நம்பருக்கும், சரக்கின் அளவுக்கும், வழிக்கும் சேர்த்துத் தரப்படுவது. இங்கே புரோக்கர் காட்டிய பிடிஎஃப் உண்மையானதுதான், ஆனால் அது வராமல்போன லோ-பெட்டின் நம்பருக்கு வாங்கியது. வந்த வண்டிக்கு அது வெறும் காகிதம். முன்னால் இழுக்கும் புல்லருக்கும் பின்னால் வரும் டிரெய்லருக்கும் தனித்தனி நம்பர், தனித்தனி ஆர்.சி. என்பதை மறக்காதீர்கள். இரண்டையும் எம்பரிவாகன் செயலியில் போட்டு ஃபிட்னஸ், இன்சூரன்ஸ் தேதிகளைப் பார்த்துவிடலாம், இரண்டு நிமிட வேலை. அனுமதி இல்லாமல் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு போனால் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 194-ன் கீழ் ரூ.20,000. எடை கூடுதல் என்றால் ரூ.20,000-உடன் ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் ரூ.2,000, கூடுதலை அங்கேயே இறக்கும் செலவும் சேரும். புகைபோக்கி, பர்னர், வால்வு என்று பிரிக்கக்கூடியதை அதே வண்டியில் திணித்தால் பிரிக்க முடியாத சரக்கு என்ற வாதமும் போய்விடும். அவற்றைச் சாதாரண லாரியில் அனுப்புங்கள்.

ஆலைக்காரர்கள் கவனிக்காத இடம் இ-வே பில், அதாவது சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி மின்சீட்டு. வண்டி வகையில் "ரெகுலர்", "ஓவர் டைமென்ஷனல் கார்கோ" என்று இரண்டு இருக்கும். ரெகுலர் என்றால் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். ஓடிசி என்றால் 20 கிலோமீட்டருக்கு ஒரு நாள். துவாக்குடியிலிருந்து 170 கிலோமீட்டர் என்று வைத்தால் ஓடிசியில் 9 நாள் கிடைக்கும், ரெகுலரில் ஒரே நாள். இந்த லோடுக்கு ரெகுலர் போட்டிருந்தார்கள். வண்டி கேட்டில் நின்ற மறுநாளே பில் காலாவதி. நீட்டிக்க, முடியும் நேரத்துக்கு 8 மணி நேரம் முன்னும் 8 மணி நேரம் பின்னும்தான் அவகாசம். அதைச் செய்யும் உரிமையும் பில்லில் டிரான்ஸ்போர்ட்டராகப் பதிவானவருக்கே. அதாவது தகராறு செய்கிற அதே புரோக்கர் கையில். வழியில் பிடித்தால் ஜிஎஸ்டி சட்டம் பிரிவு 129-ல் வரியின் 200 சதவீதம் கேட்கலாம்: 18 சதவீத வரியுள்ள ரூ.30 லட்சம் சரக்குக்கு ரூ.10.8 லட்சம். இந்தப் பயம்தான் ஆலைக்காரரைப் பணம் கொடுக்க வைக்கிறது. எனவே பில்லை நீங்களோ விற்பவரோ போடுங்கள், ஓடிசி என்று தேர்வு செய்யுங்கள். வண்டி மாறினால் பில்லில் வண்டி விவரம் எழுதும் பகுதி பி-யில் புது நம்பர் ஏற வேண்டும்.

"கிரேன் உள்ளே" என்பதற்கு வந்தவை இரண்டு 14 டன் ஹைட்ரா, லோடை முன்னால் தொங்கவிட்டு நகரும் சிறு கிரேன்கள். இரண்டு பதினான்கு இருபத்தெட்டு, லோடு 26 தானே என்று கணக்குச் சொன்னார்கள். 14 டன் என்பது பூமை (கிரேனின் கை) முழுக்க உள்ளே இழுத்து, லோடு மூக்குக்கு முன்னால் தொங்கும்போது வரும் எண். 3.2 மீட்டர் அகலப் பாய்லரை டிரெய்லரிலிருந்து எடுத்து ஃபவுண்டேஷனில் வைக்க வேண்டிய தூரத்தில் அதில் பாதிகூட வராது. இரண்டு வண்டி சேர்ந்து தூக்கும்போது ஒன்று கொஞ்சம் முந்தினால் முழு எடையும் மற்றதன் தலையில். கிரேன் பேசும்போது டன்னைக் கேட்காதீர்கள்; இத்தனை மீட்டர் ரேடியஸில் (கிரேனிலிருந்து லோடு தொங்கும் தூரம்) இத்தனை உயரத்தில் எவ்வளவு தூக்கும் என்று லோடு சார்ட்டைக் காட்டச் சொல்லுங்கள். இந்த மாதிரி லோடுக்கு 50 டன், இடம் நெருக்கமானால் 80 டன் டெலஸ்கோபிக் கிரேன் பேச வேண்டியிருக்கும், அதன் கால் ஊன்றும் இடத்தில் மண் கெட்டியாக இருக்கிறதா என்பதும் சேர்த்து.

கட்டிய விதத்தையும் சொல்லியாக வேண்டும். ஒயர் ரோப்பை பாய்லர் ஷெல்லின் மேல் சுற்றி இறுக்கியிருந்தார்கள். பெயிண்ட் உரிந்து இன்சுலேஷன் தகடும் நசுங்கியது. திடீர் பிரேக்கில் எடையின் 80 சதவீதம் முன்னால் தள்ளும், 26 டன்னுக்கு 20.8 டன். வெறும் மரக்கட்டையின் மேல் உட்கார்ந்தால் உராய்வு சுமார் 7.8 டன் பிடிக்கும், மீதி 13 டன் சங்கிலியின் பொறுப்பு. கட்டைக்கும் சேடிலுக்கும், கட்டைக்கும் தளத்துக்கும் இடையில் லாஷிங் ரப்பர் மேட் போட்டால் உராய்வே 15 டன்னுக்கு மேல் பிடித்துக்கொள்ளும். சில ஆயிரம் ரூபாய்ச் சாமான், அதைத்தான் முதலில் மிச்சம் பிடிக்கிறார்கள். 10 மில்லிமீட்டர் கிரேடு 80 சங்கிலி ஒன்று நேராக இழுத்தால் 6.3 டன் தாங்கும், சாய்வில் குறையும். முன்னால் நான்கு, பின்னால் நான்கு, சேடிலின் லக்கில் (சங்கிலி மாட்டும் காது) மாட்டி டர்ன்பக்கிள் என்ற முறுக்குத் திருகால் இறுக்கி, முதல் 20 கிலோமீட்டரில் நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும்.

வொர்க் ஆர்டர் ஒரு பக்கம் போதும், ஆனால் வாட்ஸ்அப் வரி போதாது. ஏற்றிய பின் தரையிலிருந்து உச்சி வரை அதிகபட்ச உயரம் மில்லிமீட்டரில். புல்லர், டிரெய்லர் நம்பர்கள். வேறு வண்டி வந்தால் ஏற்ற மாட்டோம், அந்தக் கிரேன் வாடகை புரோக்கருக்கே. ஹால்டிங் எந்த மணியிலிருந்து, யார் தவறுக்கு என்பது. அபராதம் யாருடையது என்பது. பணத்தில் 80 சதவீதம் அட்வான்ஸ் சாதாரண லோடுக்கு ஊர் வழக்கம், ஓடிசிக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். ஏற்றி, எடைமேடைச் சீட்டும் எல்.ஆர்.-ம் (சரக்கை ஏற்றிக்கொண்டதற்கான லாரி ரசீது) கைக்கு வந்த பின் பாதி, இறக்கிக் கையெழுத்தான பின் மீதி. ஏற்றும் இடத்துக்கு உங்கள் ஆள் ஒருவர் டேப்போடு போக வேண்டும். தளத்தில் டேப் வைத்து எண் தெரியும்படி ஒரு போட்டோ, லோடு ஏறிய பின் இன்னொன்று.

எல்.ஆர். யார் பெயரில் என்று பாருங்கள். புரோக்கரின் சலானை எல்.ஆர். என்று கொடுப்பார்கள். 2007-ம் ஆண்டு சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி பதிவுபெற்ற கேரியரின் (சரக்கை ஏற்றிச் செல்லும் நிறுவனம்) எல்.ஆர்.-தான் இழப்பீட்டுக்கு அடிப்படை. மதிப்பை உயர்த்தி அறிவித்து அதற்குரிய கட்டணம் கட்டாவிட்டால் பொறுப்பு வாடகையின் 10 மடங்கோடு நிற்கும், ரூ.85,000 வாடகைக்கு ரூ.8.5 லட்சம், பாய்லரின் விலை ரூ.30 லட்சமாக இருந்தாலும். மிச்சத்துக்கு உங்கள் பெயரில் டிரான்ஸிட் இன்சூரன்ஸ் எடுங்கள், அதில் ஏற்றுவதும் இறக்குவதும் அடங்குகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சேதத்தோடு இறங்கினால் டெலிவரி காப்பியில் சேதத்தை எழுதிய பிறகே கையெழுத்து. வழக்குக்குப் போகும் எண்ணம் இருந்தால், புக்கிங் தேதியிலிருந்து 180 நாளுக்குள் கேரியருக்கு எழுத்தில் நோட்டீஸ் போக வேண்டும். அதைப் புரோக்கரின் ஆபீஸுக்கு அனுப்பினால் கணக்கில் வராது; எல்.ஆர்.-ல் அச்சிட்டிருக்கும் கேரியரின் முகவரிக்கு ஸ்பீடு போஸ்டில், பதிவு வசதியோடும் டெலிவரி ஆனதற்கான சான்றோடும்.