மைக்கில் சத்தம் குறைவா? நான்கு வருடப் பதிவு அனுபவம்

பார்வை மங்கிப்போன என் பெரியம்மாவுக்காக வீட்டுக் கணினியில் கதைகளை வாசித்துப் பதிவு செய்ய ஆரம்பித்து நான்கு வருடங்கள் ஆகின்றன. முதல் கதையைக் கேட்டுவிட்டு அவர் சொன்னது: "கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்குப்பா." அன்றிலிருந்து இந்த மைக் சத்தம் குறைவாக வரும் பிரச்சினையோடு நிறையவே மல்லுக்கட்டியிருக்கிறேன். எது உண்மையிலேயே உதவியது என்பதைச் சொல்கிறேன்.

அந்தப் பதிவை ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் திறந்து பார்த்தால் அலைகளே இல்லை, மெல்லிய கோடு ஒன்றுதான் ஓடியது. சரி என்று 'ஆம்ப்ளிஃபை' போட்டு ஏற்றினேன். குரல் ஏறியது, மின்விசிறியும் 'உஸ்ஸ்' என்ற இரைச்சலும் கூடவே ஏறின. எது குரல், எது இரைச்சல் என்று அந்த வசதிக்குத் தெரியாது, இரண்டையும் ஒரே அளவில்தான் உயர்த்தும். ஆகவே சத்தம் உள்ளே நுழையும்போதே போதிய அளவு நுழைய வேண்டும்.

விண்டோஸின் சவுண்டு அமைப்பில் 'ரெக்கார்டிங்' பகுதிக்குப் போய், மைக்கின் பிராபர்ட்டீஸில் 'லெவல்ஸ்' என்பதைத் திறந்தேன். மைக் அளவு 100-இல்தான் இருந்தது. அதன் கீழே 'மைக்ரோஃபோன் பூஸ்ட்' என்று இன்னொன்று 0-வில் கிடந்தது. என் கணினியில் அது 10, 20, 30 டெசிபல் என்று படிப்படியாக ஏறும். 20 டெசிபல் என்றால் அலையின் உயரம் பத்து மடங்கு ஆகிறது. 30 வைத்தால் இரைச்சல் தாங்கவில்லை, அதனால் 20-இல் நிறுத்தினேன். பூஸ்ட் எல்லாக் கணினியிலும் தெரியாது. அது ஒலிச் சிப்பையும் டிரைவரையும் பொறுத்தது. யு.எஸ்.பி. மைக்குகளில் பெரும்பாலும் இருக்காது. சிலவற்றில் மைக்கிலேயே, உள்ளே வரும் ஒலியை உயர்த்தும் 'கெயின்' திருகு இருக்கும்.

ஆனால் அமைப்புகளைத் தேடி அலைந்ததைவிட எனக்கு அதிகம் பயன்பட்டது தூரம்தான். மைக் இரண்டு சாண் தள்ளி இருந்தது. ஒரு சாணுக்குக் கொண்டுவந்ததும் குரல் சுமார் 6 டெசிபல் கூடியது. தூரம் பாதியானால் நேராக வரும் ஒலி அவ்வளவு கூடும். அறையின் எதிரொலியும் விசிறிச் சத்தமும் கூடவில்லை, ஏனென்றால் அவை இருந்த இடத்திலேயே இருக்கின்றன. பூஸ்டை 20-இலிருந்து 10-க்கு இறக்கியும் பதிவு தெளிவாக வந்தது. கிட்டே போனால் 'ப' வரும் இடமெல்லாம் காற்று 'பொம்' என்று மோதும். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் ஓரமாகச் சாய்த்து வைத்தால் அது அடங்கிவிடுகிறது.

அப்புறம் யு.எஸ்.பி. கண்டென்சர் மைக் ஒன்று வாங்கினேன். இரண்டு வாரம் அதன் உச்சியைப் பார்த்தே பேசியிருக்கிறேன்! குரல் மந்தமாக, தூரத்தில் கேட்பது போலவே வந்தது. என்னுடையது பக்கவாட்டில் ஒலி வாங்கும் வகை. உங்கள் மைக் எந்தப் பக்கம் கேட்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

நான் அதிகம் குழம்பியது, நன்றாக இருந்த சத்தம் திடீரென்று குறைந்தபோதுதான். காணொளி அழைப்பு ஒன்றை முடித்த பிறகு மைக் அளவு தானாகவே இறங்கிக் கிடந்தது. அந்தச் செயலியில் மைக் அளவைத் தானே சரிசெய்யும் வசதி ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்திவிட்டு, விண்டோஸில் மைக்கின் 'அட்வான்ஸ்டு' பகுதியில் செயலிகள் முழுக் கட்டுப்பாட்டை எடுத்துக்கொள்ளும் அனுமதியையும் நீக்கினேன். அதன் பிறகு அந்தத் தொல்லை வரவில்லை.

நண்பர் ஒருவர் மேடை மைக்கை ஒரு கேபிள் வழியாக நேரே கணினியின் 3.5 மி.மீ. துளையில் செருகியிருந்தார். மோனோவில், அதாவது ஒரே தடமாகப் பதிந்தால் கிட்டத்தட்ட மௌனம். காரணம் கேபிளில் இருந்தது. அதன் இரண்டு கம்பிகளில் ஒரே ஒலி எதிரெதிராகப் போகிறது. அவற்றைக் கணினி இடம், வலம் என்று எடுத்துக்கொண்டு மோனோவுக்காகச் சேர்க்கும்போது ஒன்றை ஒன்று அழித்துவிடுகின்றன. ஸ்டீரியோவில் பதிந்து ஒரு பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டதும் குரல் கேட்டது. ஆனாலும் அந்த மைக்குக்கு வேண்டிய கெயின் கணினியின் துளையில் கிடைக்காது. மைக்கின் ஒலியை உயர்த்திக் கணினிக்கு அனுப்பும் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற கருவி ஒன்று வாங்குவதுதான் அவருக்குச் சரியான வழி.

இப்போது ஒவ்வொரு முறையும் கதையில் சத்தமாக வாசிக்கும் ஒரு வரியை முதலில் பதிந்து பார்க்கிறேன். உச்சம் −12 டெசிபலுக்கும் −6 டெசிபலுக்கும் நடுவில் நின்றால் தொடங்குவேன். 0-தான் பதிவின் மேல் எல்லை, அதைத் தொட்டால் அந்த இடம் கிழிந்துபோகும், பிறகு சரிசெய்ய முடியாது. முழுக் கதையும் முடிந்த பிறகுதான், உச்சம் நாம் சொல்லும் அளவுக்கு வரும்படி பதிவு முழுவதையும் ஒரே சீராக ஏற்றும் 'நார்மலைஸ்' போடுகிறேன். பெரியம்மா இப்போதெல்லாம் ஒலியைக் கூட்டச் சொல்வதில்லை, அடுத்த கதை எப்போது என்றுதான் கேட்கிறார்.