கார் கழுவும் கருவிகள்: முதல் காசு எதற்கு?

வீட்டில் கார் கழுவ முடிவெடுத்ததும் பலரும் முதலில் விலை விசாரிப்பது தண்ணீரை வேகமாகப் பீய்ச்சும் பிரஷர் வாஷரைத்தான். ஆனால் பெயிண்டில் வட்ட வட்டமாக மெல்லிய கீறல் விழுவது பெரும்பாலும் தேய்க்கும் பொருளால். அதனால் மிட் (கையில் மாட்டித் தேய்க்கும் உறை), துணி, பக்கெட் இந்த மூன்றையும் நல்லதாக வாங்கிவிட்டு மெஷினுக்குப் போங்கள்.

மஞ்சள் ஸ்பாஞ்ச் வேண்டவே வேண்டாம். அதன் தட்டையான முகத்துக்கும் பெயிண்டுக்கும் நடுவில் சிக்கும் மண், இழுக்கும் இடமெல்லாம் கோடு போடும். புழுப்புழுவாக இழை தொங்கும் செனில் மிட்டில் மண் இழைகளுக்குள் ஒதுங்கிவிடும். ஒரு பக்கெட்டில் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர், இரண்டும் 15 லிட்டருக்குக் குறையாமல். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் மிட்டை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்புவில் முக்க வேண்டும். கூரையில் தொடங்கி, பம்பரையும் கதவின் அடிப்பாகத்தையும் கடைசியில் தொடுங்கள். வீலுக்குத் தனி பிரஷ், தனி பக்கெட். பிரேக் தூசியில் இரும்புத் துகள் இருக்கும். பாத்திரம் கழுவும் லிக்விட், பெயிண்ட் மேல் பூசிய வாக்ஸைக் கழற்றிவிடும், கார் ஷாம்புவே போதும்.

துடைக்கும் துணியில் ஏமாறுவது சுலபம். 800 ஜிஎஸ்எம்முக்கு (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு) மேல், 60க்கு 90 சென்டிமீட்டர் அளவில் ஒரு மைக்ரோஃபைபர் டவல் இருந்தால் ஒரு ஹேட்ச்பேக்குக்குத் தாராளம். ஒருமுறை அலசிக் காயவைத்த பிறகு மேஜையில் கொஞ்சம் தண்ணீர் சிந்தித் துடைத்துப் பாருங்கள். நல்ல துணி அப்படியே உறிஞ்சும். மட்டமானது தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும். ஓரத்தில் தைத்திருக்கும் லேபிளை வெட்டிவிடுங்கள், அதுவும் கீறும். பருத்தித் துணியோடு சேர்த்துத் துவைத்தால் பஞ்சு ஒட்டும், கம்ஃபர்ட் மாதிரி கண்டிஷனர் ஊற்றினால் உறிஞ்சும் தன்மை போய்விடும். தரையில் விழுந்த துணி அன்றைக்கு டயருக்குத்தான்.

பிரஷர் வாஷரில் பெட்டி மேல் பெரிதாக அச்சடித்திருக்கும் பார் கணக்கு (பார் என்பது அழுத்தத்தின் அலகு) உச்ச அழுத்தம். வேலை செய்யும்போது வருவது அதைவிடக் குறைவு. 100 முதல் 130 பார் வரை போதும். மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாயில் வேகம் இருக்காது என்பதால், பக்கெட்டிலிருந்து தானே தண்ணீர் இழுக்கும் மாடலாகப் பாருங்கள். மெஷினை ஓட்டுவதற்கு முன் ஹோஸைத் தண்ணீரால் நிரப்பி, காற்று வெளியேறும்வரை பீய்ச்சும் கன்னின் (துப்பாக்கி போன்ற கைப்பிடி) விசையை அழுத்திப் பிடியுங்கள். தண்ணீரில்லாமல் ஓடினால் பம்பின் சீல் தேய்ந்துவிடும். இண்டக்‌ஷன் மோட்டார் கனம், விலையும் கூட, ஆனால் சத்தம் குறைவு, உழைக்கும். வாரம் ஒரு காருக்கு, கனமும் விலையும் குறைந்த யுனிவர்சல் மோட்டாரே போதும். நாசிலை ஒரு அடி தள்ளியே பிடியுங்கள், மறு பெயிண்ட் அடித்த இடத்தில் இன்னும் தள்ளி.

போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் எந்தக் கருவி வாங்கினாலும் வெள்ளைத் திட்டு வரும். ஆர்ஓ மெஷின் வெளியேற்றும் தண்ணீரில் உப்பு இன்னும் அதிகம். அதை முதலில் மண் நீக்க மட்டும் ஊற்றலாம். கடைசி அலசலுக்கு மழைநீரோ ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரோ ஒரு பக்கெட் பிடித்து வையுங்கள். பானெட் கையில் சுடும் நேரத்தில் கழுவவே கூடாது.